மேற்படி நான்

ஒருவர் நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு அதைவிடச் சின்ன உத்தியோகத்துக்குப் போனால், அதைப் புரிந்துகொள்ள நம்மிடம் இரண்டு விளக்கங்கள்தான் கைவசம் இருக்கின்றன. ஒன்று, தியாகம். மற்றது, அங்கே ஏதோ தகராறு. முதலாவதை மேடையில் சொல்வோம்; இரண்டாவதை டீக்கடையில். இரண்டும் செய்வது ஒரே காரியத்தைத்தான். விட்டுப் போன மனிதர் என்னதான் யோசித்தார் என்று விசாரிக்கும் சிரமத்திலிருந்து நம்மை விடுவித்துவிடுகின்றன.

என் நண்பர் ஒருவர் சட்டக் கல்லூரியில் பதினோரு வருஷம் குற்றவியல் சட்டம் கற்பித்தவர். நான்கு வருஷங்களுக்கு முன் அந்த வேலையை விட்டுவிட்டுக் கூர்நோக்கு இல்லம் ஒன்றில் பையன்களுக்குப் பாடம் சொல்லித்தரப் போய்விட்டார். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் போலீசில் பிடிபட்டால், நீதிக் குழுமத்தின் விசாரணை முடியும்வரை அவர்களை வைத்திருக்கிற இடம் அது. ஜெயில் இல்லை என்று சட்டம் சொல்கிறது. சுவர் இருக்கிறது. நண்பரின் பெயரையோ ஊரையோ நான் சொல்லப்போவதில்லை. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, இந்தப் பையன்களை அடையாளம் காட்டக்கூடிய எதையும் அச்சிடக் கூடாது என்கிறது. வாத்தியாரைக் காட்டினால் பையன்களைக் காட்டியதாகிவிடும் என்று அவர் பயப்படுகிறார். அவர் பயம் எனக்கு நியாயமாகப் படுகிறது.

நம் வட்டத்தில் சிலருக்கு அவரைத் தெரியும். எழுதுபவரல்ல, சந்தா கட்டுபவர். சிறுபத்திரிகை உலகில் அப்படிப்பட்டவர் எழுதுபவரைவிட அபூர்வம். அவர் வேலையை விட்ட செய்தி பரவியபோது நண்பர்கள் மேற்சொன்ன இரண்டு கட்சிகளாகப் பிரிந்தார்கள். அவருடைய பழைய சம்பளமும் புதிய சம்பளமும், பிந்தியதைத் தருவது ஒரு தொண்டு நிறுவனம், எங்கள் வங்கிக் கிளையில் ஒரே கணக்கில்தான் வரவாகின்றன. வித்தியாசம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆனால் வாடிக்கையாளரின் ரகசியம் காப்பது என் உத்தியோகத்தின் முதல் நிபந்தனை. ஆகவே தியாகக் கட்சிக்குச் சாதகமாக என்னிடம் இருக்கிற ஒரே சான்றை நான் தாக்கல் செய்ய முடியாது. அவரும் அதை விரும்பமாட்டார். ‘பதினோரு வருஷம் வாக்கியத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தேன். இப்பவும் அதையேதான் செய்யறேன். இதுல தியாகம் எங்க வந்தது?’ என்பார்.

இந்தப் பதிலை நான் முதலில் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு மேலும் அதில் ஏதோ இருக்கிறது என்று படிப்படியாகத்தான் தெரிந்தது.

சட்டம் கற்பிப்பது என்றால் என்ன என்று அவர் ஒருமுறை எனக்கு விளக்கினார். குற்றவியல் சட்ட வகுப்பில் குழந்தைகளைப் பற்றிய பாடத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குவார்களாம். ஏழு வயதுக்குக் கீழே இருப்பவன் எது செய்தாலும் குற்றமாகாது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை, விளைவைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி அவனுக்கு இல்லை என்றால் குற்றமாகாது. அவர் கற்பித்த காலத்தில் இவை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 82, 83ஆம் பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 20, 21. பிறகு 1986இல் உச்ச நீதிமன்றத்தில் வந்த ஷீலா பார்சே வழக்கு. ஒரு பத்திரிகையாளர் தனியாளாகப் போய், நாடெங்கும் சிறைகளில் அடைபட்டிருக்கும் குழந்தைகளுக்காகப் போட்ட வழக்கு அது. மாணவர்கள் இதையெல்லாம் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். யாராவது ஒருவர் எழுந்து, இதிலிருந்து எத்தனை மார்க்குக்குக் கேள்வி வரும் என்று கேட்பார். இரண்டு மணி நேரம் முடிந்துவிடும். ‘அந்த வாக்கியங்கள்ல எழுவாய் இருக்கும், பயனிலை இருக்கும். பையன் மட்டும் இருக்கமாட்டான்’ என்றார்.

சட்டம் இந்தப் பையனுக்கு வைத்த பெயர்களின் சரித்திரத்தையும் அவர்தான் சொன்னார். இந்தியாவில் சிறுவர்களுக்கென்று முதன்முதலில் தனிச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், 1920இல். ஜம்மு காஷ்மீர் நீங்கலாக நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வந்தது 1986இல். அந்தச் சட்டம் அவனை நெறிபிறழ்ந்தவன் என்ற பொருளில் அழைத்தது. 2000இல் வந்த சட்டம் அதை மாற்றி, சட்டத்துடன் முரண்பட்ட இளையோன் என்றது. 2015இல் இளையோன் போய்க் குழந்தை வந்தது. கைது செய்வது என்ற சொல்லும் அவன் விஷயத்தில் கிடையாது. பிடித்தல் என்ற பொருளில் வேறொரு சொல். முப்பது வருஷத்துக்குள் மூன்று பெயர். கேலிதான் செய்யப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. அந்தச் சொற்களை மாற்றப் பாடுபட்டவர்கள் சொற்களில் நம்பிக்கை உள்ளவர்கள், அந்த வகையில் அவர்கள் உங்கள் ஆட்கள்தான் என்றார்.

வாஸ்தவம். 2015ஆம் வருஷத்துச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் பதினாறு கோட்பாடுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் எட்டாவது முழுக்க முழுக்க பாஷையைப் பற்றியது. ஒரு குழந்தை சம்பந்தப்பட்ட நடவடிக்கைகளில் குற்றம் சாட்டும் தொனியுள்ள சொற்களையோ, வாதி பிரதிவாதி என்று எதிரெதிராக நிறுத்தும் சொற்களையோ பயன்படுத்தக் கூடாது. சொல் காயப்படுத்தும் என்று ஒரு பாராளுமன்றம் ஒப்புக்கொண்டு சட்டமாக்கியிருக்கிறது. விமர்சகன் என்று என்னைச் சொல்லிக்கொள்கிற எனக்கு இது தெரியாமலிருந்தது. ஆனால் தமிழ்நாட்டுப் போலீஸ் காகிதங்களில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழங்கி வரும் சொல் என்ன? எதிரி. ‘மேற்படி எதிரியானவர்.’ பையன்களுக்கு அந்தச் சொல்லை எழுதக் கூடாது. எழுதாமலும் இருக்கலாம். ஆனால் அதைக் காதால் கேட்காத பையன் யாரும் தன் வகுப்பில் இல்லை என்றார் நண்பர்.

அவர் முதலில் அங்கே போனது கல்லூரியின் சட்ட உதவி மையத்தின் சார்பில், மாணவர்களை அழைத்துக்கொண்டு. உரிமைகளைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. பேசி முடித்த பிறகு நேரம் மீதமிருந்தது. கொண்டுவந்திருந்த தாள்களைக் கொடுத்து, உங்களைப் பற்றி எது வேண்டுமானாலும் எழுதுங்கள் என்றாராம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். தெரிந்தவர்களில் நாலைந்து பேர் எழுதிக் கொடுத்ததைப் பஸ்ஸில் திரும்பி வரும்போது படித்தார். ஒரு பையன் எழுதியிருந்தது ஏறக்குறைய இப்படி இருந்ததாம்: நான் மேற்படி விலாசத்தில் என் தாயாருடன் குடியிருந்து வருகிறேன். நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்துள்ளேன். தற்சமயம் கூலி வேலை செய்து வருகிறேன். சம்பவத்தன்று...

சம்பவத்தன்று என்ற சொல்லோடு நின்றுவிட்டது. அந்த வகுப்பில் யாரும் சம்பவத்தைக் கேட்கவில்லை. உங்களைப் பற்றி எழுதுங்கள் என்றுதான் சொன்னார்கள். ஆனால் தன்னைப் பற்றி எழுதுவது என்றால் அவனுக்குத் தெரிந்த உரைநடை அது ஒன்றுதான். யாரோ ஒருவர் அவன் சார்பில் அவனுடைய தன்மையில் எழுதி அவனுக்கு வாசித்துக் காட்டிய உரைநடை. பள்ளிக்கூடம் ஒன்பது வருஷத்தில் அவனுக்குத் தர முடியாத ஒரு நடையை ஸ்டேஷன் ஒரே ராத்திரியில் தந்துவிட்டது. நண்பர் அந்தத் தாளைப் பற்றி என்னிடம் சொன்னபோது அதிலிருந்த எழுத்துப் பிழைகளைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. பிழையே இல்லையாம். அதுதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

அவர் வேலையை விட்டதற்குக் காரணம் அந்தத் தாள் என்று நான் சொன்னால் கதை போலிருக்கும். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் கல்லூரியில்தான் இருந்தார். சனிக்கிழமைகளில் மட்டும் அங்கே போய்வந்தார். பிறகு, வாரத்தில் ஒரு நாள் போதாது என்று கணக்குப் பார்த்து முடிவெடுத்தார். அவ்வளவுதான்.

இந்தப் பாதையில் போனவர் அவர் ஒருவரே அல்ல என்பதற்காக அவர் எனக்குப் படிக்கக் கொடுத்த ஒரு புத்தகத்தைச் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் ஃபோர்மன் ஜூனியர் என்ற அமெரிக்கக் கறுப்பினச் சட்டப் பேராசிரியர் 2017இல் எழுதிய ‘லாக்கிங் அப் அவர் ஓன்’. அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு பெற்றது. தொண்ணூறுகளில் அவர் வாஷிங்டனில் ஏழைகளுக்காக வாதாடும் அரசாங்க வக்கீல். பதினைந்து வயதுக் கறுப்புப் பையன் ஒருவனுக்காகத் தான் வாதாடிய வழக்கோடு புத்தகத்தை ஆரம்பிக்கிறார். நீதிபதியும் கறுப்பர்தான். மார்ட்டின் லூதர் கிங்கின் போராட்டத்தைப் பையனுக்கு எடுத்துச் சொல்லி, அவர் இதற்காகவா உயிரைக் கொடுத்தார் என்கிற தோரணையில் கேட்டுவிட்டு, அவனை ஓக் ஹில் என்ற இளையோர் சிறைக்கு அனுப்புகிறார். ஃபோர்மன் 1997இல் டேவிட் டொமெனிசி என்ற மற்றொரு வக்கீலோடு சேர்ந்து, இப்படிக் கோர்ட்டுக்கு வந்துபோன பிள்ளைகளுக்காக மாயா ஏஞ்சலோவின் பெயரில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். பத்து வருஷம் கழித்து, அதே ஓக் ஹில்லுக்குள் இருந்த பள்ளிக்கூடத்தை நடத்தும் பொறுப்பும் அந்த ஸ்தாபனத்துக்கு வந்தது. ஃபோர்மன் சட்டம் கற்பிக்கப் போய் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். நம் நண்பர் போனது எதிர்த்திசையில். இருவருக்கும் நடுவில் இருப்பது அதே அறை. அந்த அறைக்குள் போகாமல் சட்டத்தின் வாக்கியங்களைப் படித்துவிட முடியாது என்று இரண்டு பேருக்கும் தோன்றியிருக்கிறது.

நான் இந்த விஷயத்தை ஒரு சிறுபத்திரிகையில் எழுதுவதற்குக் காரணம் வேறு. அந்தப் பையனின் ‘நான்’ என்ற சொல்தான் காரணம்.

1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியதிலிருந்து புதுக்கவிதையில் வரும் ‘நான்’ யார் என்பதைப் பற்றி நாம் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அது மத்தியதர வர்க்கத்தின் நான் என்றார்கள். சமூகத்தோடு உறவறுந்த நான் என்றார்கள். அது கவிஞனே இல்லை, கவிதைக்காக அவன் பூட்டிக்கொண்ட முகம் என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள். நானும் இந்த விவாதத்தில் என் பங்குக்குப் பக்கங்களை நிரப்பியிருக்கிறேன். இந்தச் சண்டையில் யாருமே தொடாத ஒரு விஷயம் உண்டு. நம் ‘நான்’ பத்திரமானது. அது பாவம் செய்யலாம், கொலை செய்யக் கனவு காணலாம், தகப்பனை வெறுக்கலாம். வாசிக்கிறவன் அதை ஒரு அனுபவமாகத்தான் எடுத்துக்கொள்வான், பதிவேட்டில் ஏற்றமாட்டான். நாம் சொல்கிற எதையும் நமக்கு எதிராக யாரும் உபயோகிக்கப் போவதில்லை என்கிற உத்தரவாதத்தின் மேல்தான் நம் தன்மை ஒருமை முழுவதும் நிற்கிறது. அது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று எனக்குத் தெரிந்தது அந்தத் தாளைப் பற்றிக் கேட்ட பிறகுதான்.

அந்த அறையில் ‘நான்’ என்று ஆரம்பிக்கும் வாக்கியம் எதுவானாலும் வாக்குமூலம். ஆகவே நண்பர் செய்ய வேண்டியிருந்தது என்னவென்றால், வாக்குமூலம் அல்லாத ஒரு ‘நான்’ இருக்க முடியும் என்று காட்டுவது. சட்டம் கற்பித்த மனிதர்தான் இதைச் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. நம்மைப் போன்றவர்கள் போயிருந்தால், மனம் திறந்து எழுதுங்கள் என்றிருப்போம். மனம் திறக்கச் சொல்லி அவர்களிடம் எத்தனை பேர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் முதல் மாதங்களில் ‘நான்’ என்ற சொல்லையே வகுப்பிலிருந்து விலக்கிவைத்தார். பொருள்களைப் பற்றி எழுதச் சொன்னார். குழாயைப் பற்றி. பூட்டைப் பற்றி வேண்டாம், குழாய் போதும். தெரிந்த வேலையைப் பற்றி. ஆட்டோவில் கிளட்ச் கேபிள் அறுந்தால் எப்படி மாட்டுவது. மீன் எப்படி ஆய்வது. வகுப்பில் இருபது பேர் என்றால் இருபது விதம். ஒருவன் பிளஸ் ஒன் வரை படித்தவன். இன்னொருவனுக்கு அ எழுதத் தெரியாது. அடுத்த மாதம் பாதிப்பேர் இருக்கமாட்டார்கள். விசாரணையை நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம் என்பது 14ஆம் பிரிவு. பலர் அதற்கு முன்பே ஜாமீனில் போய்விடுவார்கள். பாடத்திட்டம் என்று எதையும் அங்கே கட்ட முடியாது. ஒவ்வொரு நாளும் முதல் நாளாகவும் கடைசி நாளாகவும் இருந்தாக வேண்டும் என்றார்.

பரோட்டாக் கடையில் வேலை பார்த்த பையன் ஒருவன் இருந்தான். பரோட்டா போடுவது எப்படி என்று ஒன்றரைப் பக்கம் எழுதினானாம். மைதாவை எவ்வளவு நேரம் பிசைய வேண்டும், உருண்டை பிடித்து எண்ணெயில் எவ்வளவு நேரம் ஊறப்போட வேண்டும், கல்லின் சூடு எப்படித் தெரியும், அடுக்கிவைத்து இரண்டு பக்கமும் எப்படித் தட்ட வேண்டும் எல்லாம் வரிசையாக. நடுவில் ஒரு வரி: மாஸ்டர் வீசினா துணி மாதிரி விரியும், நான் வீசினா கிழிஞ்சிரும். நண்பர் அந்த இடத்தில் நின்றுவிட்டாராம். சொல்லாமல் கொள்ளாமல் ‘நான்’ வந்துவிட்டது. அது எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. எதையும் மறுக்கவும் இல்லை. அதற்கு மாவு கிழிந்துவிட்டது, அவ்வளவுதான்.

நண்பர் கேட்டுக்கொண்டதன் பேரில் நானும் உரிய அனுமதியோடு சில தடவை அங்கே போயிருக்கிறேன். மாதத்தின் இரண்டாவது, நாலாவது சனிக்கிழமைகள் எங்களுக்கு விடுமுறை. இலக்கியம் வேண்டாம், பணம் எடுக்கும் சீட்டை எப்படி நிரப்புவது என்று சொல்லிக்கொடுங்கள் என்றார். அது எனக்கு நன்றாகவே வரும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ‘சார், கொஞ்சம் எழுதிக் குடுங்க’ என்று சீட்டை நீட்டுகிறவர்களுக்கு வருஷக் கணக்காக எழுதிக்கொடுத்து வருகிறேன். பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் தாங்களே கணக்குத் தொடங்கி இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அதைச் சொன்னபோது பையன்களுக்கு நம்பிக்கை வரவில்லை. காலிச் சீட்டுகளை விநியோகித்தேன். தேதி, கணக்கு எண், தொகை எழுத்தால், தொகை எண்ணால். ஒரு பையன் தொகை என்ற இடத்தில் ஒரு கோடி என்று எழுதி எல்லோருக்கும் காட்டினான். இருப்பில் இருந்தால் தாராளமாகத் தருவோம் என்றேன். சிரிப்பு.

கையெழுத்து என்ற இடம் வந்ததும் வகுப்பு அமைதியாகிவிட்டது. வங்கியில் கையெழுத்து எப்போதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், மாறினால் பணம் வராது என்று விளக்கினேன். நாங்கள் கணினியில் மாதிரிக் கையெழுத்தை எடுத்துப் பார்த்து ஒப்பிடுவோம் என்றும் சொன்னேன். பின் வரிசையில் ஒரு பையன், பதினாலு பதினைந்து வயது இருக்கும், கேட்டான்: ‘ஸ்டேஷன்ல போட்ட கையெழுத்து மாதிரியே இருக்கணுமா சார்?’

நான் நண்பரைப் பார்த்தேன். அவர் பையனிடம் வேண்டியதில்லை, உனக்குப் பிடித்த மாதிரி புதிதாக ஒன்று போடு என்றார். வெளியே வந்த பிறகு என்னிடம் சொன்னார்: 2016ஆம் வருஷத்து மாதிரி விதிகளில் 8ஆவது விதி. குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி சிறுவனைக் கட்டாயப்படுத்தக் கூடாது. எந்த வாக்குமூலத்திலும் அவனிடம் கையெழுத்துக் கேட்கக் கூடாது. இதைத் தான் வகுப்பில் கற்பித்ததுண்டு என்றார். எத்தனை மார்க்குக்கு என்று நான் கேட்கவில்லை.

இந்தச் சமாசாரங்களைக் கேள்விப்பட்ட பத்திரிகை நண்பர் ஒருவர் மிகுந்த உற்சாகத்தோடு ஒரு யோசனை சொன்னார். பையன்களின் எழுத்துக்களைத் தொகுத்து ஒரு சிறப்பிதழ் போடலாம். பெயர் இல்லாமல், ஊர் இல்லாமல். திருத்தாமல், அவர்கள் எழுதியபடியே. தமிழ் உரைநடைக்கு அது ஒரு அதிர்ச்சியாக இருக்கும் என்றார். நிச்சயமாக இருக்கும். பரோட்டா வரியை நம்மில் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? அந்த யோசனையை நண்பரிடம் கொண்டுபோனது நான்தான். அவர் மறுத்துவிட்டார்.

மறுத்ததற்கு அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. முதலாவது, அதே 3ஆம் பிரிவின் பதினான்காவது கோட்பாடு: புதிய தொடக்கம். விசேஷக் காரணங்கள் இருந்தாலொழிய, சிறுவனின் பழைய பதிவுகள் அழிக்கப்பட வேண்டும். அவன் சொன்னதையெல்லாம் ஏதோ ஒரு கோப்பில் வைத்திருந்தவர்கள்தான் இதுவரை. வைத்துக்கொள்ளாத ஒரு ஆளாவது இருக்க வேண்டாமா என்றார். நம் தொழிலே வைத்துக்கொள்வது. நல்ல வரி அழியக்கூடாது என்பதுதான் இலக்கியத்தின் மதம். அழிந்துபோகும் உரிமை ஒரு வரிக்கு உண்டு என்று சொன்னவரை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் கடுமையானது. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த பயங்கரத்துக்குப் பிறகு எழுந்த கோபத்தில் பிறந்தது 2015ஆம் வருஷத்துச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருஷமோ அதற்கு மேலோ இருக்கிற கொடிய குற்றம் என்றால், பதினாறு வயது முடிந்தவனைக் குழுமம் முதலில் மதிப்பிட வேண்டும். அந்தக் குற்றத்தைச் செய்யும் மன, உடல் திறன் அவனுக்கு இருந்ததா, விளைவுகளைப் புரிந்துகொள்ளும் சக்தி இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் செய்ததாகச் சொல்லப்படுகிறது என்று. அந்த மதிப்பீட்டின் முடிவைப் பொறுத்து, பெரியவர்களை விசாரிப்பதைப் போல அவனையும் விசாரிக்க அனுப்பலாம். ‘இப்ப யோசிச்சுப் பாருங்க. பதினேழு வயசுப் பையன் ஒருத்தன். காரண காரியத்தைக் கோத்து, முன்னாலயும் பின்னாலயும் பாத்து, தெளிவா ரெண்டு பக்கம் எழுதறான். நீங்க அதை முதிர்ச்சியான நடைன்னு உங்க பத்திரிகைல எழுதுவீங்க. அந்த வார்த்தை குழுமத்துக்குப் போனா என்ன அர்த்தம்?’

முதிர்ச்சி. எத்தனை மதிப்புரைகளில் நாம் இந்தச் சொல்லைப் புகழ்ச்சியாகப் பிரயோகித்திருக்கிறோம். அங்கே அதே சொல் ஒருவனுடைய வயதை அவனிடமிருந்து பறித்துவிடலாம். தான் நன்றாகக் கற்பித்தால் அது பையனுக்கு எதிராகத் திரும்பக்கூடும் என்று தெரிந்துகொண்டு ஒரு மனிதர் தினமும் கற்பிக்கிறார். அப்படியானால் ஏன் கற்பிக்க வேண்டும் என்று கேட்டேன். தன்னைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்து, இது நான் சொன்னதல்ல என்று சொல்லத் தெரியாவிட்டால் அதைவிட மோசம் என்றார். இரண்டு ஆபத்துகளுக்கு நடுவில் அவர் பாடம் நடக்கிறது. நமக்கு வாழ்க்கையில் எந்த வாக்கியத்தையும் இப்படி எடைபோட்டு எழுதும் நிர்ப்பந்தம் வந்ததில்லை.

இதையெல்லாம் ஒரு விடியலாகச் சித்திரிக்க எனக்கு விருப்பமில்லை. 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டுக் கூர்நோக்கு இல்லத்தில் இருந்த ஒரு பதினேழு வயதுப் பையன் இறந்துபோனான். திருட்டுக் குற்றம் சொல்லிப் பிடித்து வந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பணியாளர்கள் ஆறு பேர் கைதானார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு அரசாங்கம் ஒரு நபர் குழு அமைத்து, 2023 நவம்பரில் அறிக்கையும் பெற்றது. கூர்நோக்கு என்ற சொல்லை உண்டாக்கியவர் தமிழில் ஆழ்ந்த பிரக்ஞை உள்ளவராக இருந்திருக்க வேண்டும். கூர்ந்து நோக்குவது. விமர்சகனின் வேலைக்கு இதைவிட நல்ல பெயர் கிடையாது. அந்தப் பெயர்ப் பலகைக்கு உள்ளே அது நடந்தது. நல்ல சொல் எதையும் தடுத்துவிடுவதில்லை. அதனால்தான் சொற்களை மாற்றுவதோடு நின்றுவிடாமல் ஒரு ஆள் உள்ளே போய் உட்கார வேண்டியிருக்கிறது. வாத்தியார் உட்கார்ந்திருக்கும் அறையில் அடி விழாது. மற்ற அறைகளுக்கு அவர் பொறுப்பேற்க முடியாது. இதை அவரே சொல்லியிருக்கிறார், சொல்லும்போது அவர் முகம் நன்றாக இல்லை.

சிறப்பிதழ் விஷயத்தில் நான் நண்பரின் பக்கம்தான். என்றாலும், அந்தப் பக்கத்தில் நிற்கும்போது ஒரு நஷ்ட உணர்வு எனக்கு இல்லாமல் இல்லை. அந்த ஒன்றரைப் பக்கத்தை நான் பார்த்ததில்லை. நண்பர் ஞாபகத்திலிருந்து சொன்னதுதான். மூல வாக்கியம் எப்படி முடிந்தது, ‘கிழிஞ்சிரும்’ என்றா ‘கிழிந்துவிடும்’ என்றா என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஆசை இருக்கிறது. போன மாதம் அவரிடம், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். ஜாமீன் உத்தரவு வந்த அன்று, அவனுடைய அம்மா வெளியே காத்துக்கொண்டிருக்க, பையன் வகுப்பறைக்குள் வந்து அது தன்னுடையதுதானே என்று கேட்டானாம். ஆமாம் என்றிருக்கிறார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.